கோவுக்கு அடுத்து என்ன எழுத்து

டிரைவிங் அக்காவுக்கு அந்த வார்த்தை ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. சூடான எதையோ வாயில் போட்டுக்கொண்டு துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தவிப்பவன் பேசுவது மாதிரி இருக்கிறது என்று சொன்னாள். "இங்கே உட்கார்ந்து வேலை செய்யலாம்" என்று பலகையில் எழுதினால் போதாதா என்பது அவள் கட்சி. அப்படி எழுதியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

இருபத்திரண்டு வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் அவள். தெருமுனையில் கீழே ஷெட், மேலே ஒரு நீளமான அறை. காலையில் இரண்டு மணி நேரம் அந்த அறையில் சாலை விதி வகுப்பு. அதற்குப் பிறகு எட்டு மேசையும் இரண்டு மின்விசிறியும் நாள் முழுக்கச் சும்மா கிடக்கும்.

முதலில் வந்து கேட்டது மௌனி. பரீட்சையில் மூன்று தடவை ரிவர்ஸில் கோட்டை விட்டவன். வாயைத் திறக்கவே மாட்டான் என்பதால் அக்கா வைத்த பெயர் அது. இயந்திரங்களின் கையேடுகளை மொழிபெயர்ப்பது அவன் தொழில். இரண்டு அறை வீட்டில் ஏழு பேர், ஓயாத ஒரு டிவி.

"அக்கா, பகல்ல ஒரு ஓரமா உக்காந்து எழுதிக்கட்டுமா?" என்றான். அவன் ஒரே மூச்சில் அத்தனை சொல் பேசி அக்கா கேட்டதில்லை. சரி என்று சொல்லிவிட்டாள்.

அவனைப் பார்த்து இன்சூரன்ஸ்காரர் வந்தார். ரகசியம் பேசினாலே பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும் குரல் அவருக்கு. அவரைத் தொடர்ந்து, மருத்துவமனைக்கு ஃபோனில் நேரம் குறித்துக் கொடுக்கும் வேலை பார்க்கும் ஒரு பெண், ஏழு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் குழந்தை அழுதால் மாமியார் கத்துவார், மாமியார் கத்துவது ஃபோனில் கேட்கும். இங்கே குழந்தை மட்டும்தான் அழும் என்பது அவள் கணக்கு. இவர்கள் போக வருவதும் போவதுமாக நாலைந்து பேர்.

பலகை வைக்கலாம் என்றவர் இன்சூரன்ஸ்காரர்தான். "இதுக்கு உலகம் பூரா ஒரு பேரு இருக்குக்கா. கோ ஒர்க்கிங்!" பெயிண்டர் வந்தார், நீல எழுத்தில் 'கோ ஒர்க்கிங்' என்று எழுதினார், பக்கத்தில் கேட்காமலே ஒரு காபிக் கோப்பையும் வரைந்துவிட்டுப் போனார்.

பத்தொன்பதாம் நாள் சொற்செம்மை வாரியத்திலிருந்து ஓர் ஆள் ஏணியோடு வந்தார். பலகையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், உச்சுக்கொட்டினார், இறங்கி வந்து ஒரு காகிதத்தை நீட்டினார்.

"தங்கள் பலகையில் காணப்படும் சொல் வாரியத்தின் ஏட்டில் இல்லை. இல்லாத சொல்லால் குறிக்கப்படும் இடமும் இல்லாததாகவே கருதப்படும். அறுபது நாட்களுக்குள் மேற்படிச் சொல்லின் எழுத்துக்கும் பொருளுக்கும் சான்று பெறாவிடில், இல்லாத அந்த இடம் பூட்டி முத்திரையிடப்படும்."

"பலகையக் கழட்டிட்டா?" என்று கேட்டாள் அக்கா.

"கழட்டினா சொல்லை மறைச்ச குற்றம்" என்றார் ஏணிக்காரர். கெட்டவர் இல்லை. கிளம்பும்போது குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத்தான் போனார்.

வாரியத்தின் கட்டடம் நாலு மாடி. கீழே விண்ணப்பம் வாங்கும் ஜன்னல், அதற்குப் பின்னால் ஓர் எழுத்தர். அக்கா காலை வகுப்பை முடித்துக்கொண்டு போய் வரிசையில் நின்று, படிவத்தில் 'சொல்' என்ற கட்டத்தில் கோ ஒர்க்கிங் என்று எழுதிக் கொடுத்தாள். எழுத்தர் அதை நெருப்பைத் தொட்டவர் மாதிரி திருப்பித் தள்ளினார்.

"இந்த எழுத்து சரியாம்மா?"

"அதத் தெரிஞ்சுக்கத்தான் சார் வந்திருக்கேன்."

"தெரிஞ்சுக்க விண்ணப்பம் கொடுக்கணும்."

"இதுதானே விண்ணப்பம்?"

"இதுல எழுத்துப் பிழை இருந்தா? பிழையுள்ள விண்ணப்பத்த வாங்கக் கூடாதுன்னு விதி."

"பிழையான்னு யாரு சொல்லணும்?"

"வாரியம்."

"அப்போ வாரியத்துக்கு இதக் குடுங்க."

"விண்ணப்பமா வந்தாத்தானே குடுக்க முடியும்?"

இப்படியே சுற்றிச் சுற்றி அரை மணி நேரம் ஓடியது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் எழுத்தரே இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். கட்டத்தைக் காலியாக விட்டுவிட வேண்டும். காலி இடத்தில் பிழை இருக்க முடியாதே! அக்கா வேறொரு படிவத்தில் ஒன்றும் எழுதாமல் கொடுத்தாள். கோப்பு உடனே திறக்கப்பட்டது. மேலட்டையில் 'வெற்றிடம் தொடர்பாக' என்று எழுதி எண்ணும் போட்டார்கள்.

பதினோரு நாள் கழித்து மூன்றாம் மாடிக்கு வரச்சொன்னார்கள். அங்கே சந்தி அதிகாரி இருந்தார். இரண்டு சொற்கள் சேரும் இடத்தில் என்ன எழுத்து வர வேண்டும் என்று தீர்மானிப்பவர். பல மாதமாக அவரைத் தேடி ஒருவரும் வரவில்லை போலிருக்கிறது, அக்காவைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார்.

"உக்காருங்கம்மா, உக்காருங்க. அருமையான கேசு! கோ பிளஸ் ஒர்க்கிங். ரெண்டு உயிரெழுத்து முட்டிக்குது. நடுவுல ஒரு மெய்யெழுத்து வந்து சமாதானம் பண்ணி வெக்கணும். கோவொர்க்கிங். சரியா?"

"சரிங்க சார். அப்படியே எழுதிடறேன்."

"அவசரப்படாதீங்க! கோவில்னும் எழுதறோம், கோயில்னும் எழுதறோம். அப்போ கோயொர்க்கிங்னு ஒருத்தர் கேஸ் போட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"யாரு சார் போடப்போறாங்க?"

"போன வருஷம் ஒருத்தர் போட்டாரு."

"யாரு?"

"நான்தான்" என்றார் சந்தி அதிகாரி. "முன்னெச்சரிக்கையா."

அது மட்டுமில்லை. ஊரில் பல பேர் வொர்க் என்று எழுதுகிறார்களாம். 'வொ' ஒரு சொல்லுக்கு முதலில் வரவே கூடாதாம். 'ங்' கடைசியில் நிற்கக் கூடாதாம், நின்றால் முதுகுக்கு ஓர் உகரம் வைத்துத் தாங்க வேண்டுமாம். ஆக, கோவொர்க்கிங்கு. நடுவில் சிறுகோடு போடலாமே என்று அக்கா கேட்டுத் தொலைத்தாள். அவர் முகம் வெளிறிவிட்டது. கோடு போட்டால் இரண்டு சொல், இரண்டு சொல்லுக்கு இரண்டு கோப்பு, இரண்டு வெற்றிடம். எதுவானாலும் ஒரு குழு கூடித்தான் முடிவு செய்ய வேண்டுமாம்.

அன்றைக்கு மாலை பயிற்சிக்கு வந்த ஒரு கல்லூரிப் பெண் வளைவில் கொஞ்சம் தயங்கினாள். "இடமா வலமான்னு சட்டுனு ஒரு முடிவுக்கு வாம்மா! நீயும் குழு போடப் போறியா?" என்று அக்கா கத்திவிட்டாள். பாவம், அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அக்கா ஒரு மாணவரிடமும் குரலை உயர்த்தியதில்லை.

அடுத்த கடிதத்தில் வாரியம் பாதி வழி வந்திருந்தது. சொல்லின் பின்பகுதி பரிசீலனையில் இருக்கிறது. முன்பகுதியான 'கோ' மட்டும் ஐயத்திற்கு இடமின்றி ஏற்கப்படுகிறது. அகராதிப்படி அதற்கு இரு பொருள்: அரசன், பசு. அரசன் இப்போது நடைமுறையில் இல்லை. ஆகவே தக்க நடவடிக்கைக்காகக் கோப்பு கால்நடைத் துறைக்கு அனுப்பப்படுகிறது.

மறு வாரம் மாட்டு டாக்டர் வந்தார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் பெரிய பெட்டி. மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நின்றார். அறையில் மௌனி தட்டச்சு செய்துகொண்டிருந்தான், இன்சூரன்ஸ்காரர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி யாருக்கோ ஆயுள் காப்பீட்டின் அருமையை விளக்கிக்கொண்டிருந்தார், குழந்தை மேசைக்கடியில் தூங்கியது.

"வேலை செய்யற பசு எங்கம்மா?" என்றார் டாக்டர்.

"பசு இல்ல சார். இவங்கதான்."

டாக்டர் ஒவ்வொருவராகப் பார்த்தார். வேலையில் அவர் பார்க்காத விசித்திரம் இல்லை. "எத்தனை பேரு? தண்ணி வசதி இருக்கா? காத்தோட்டம்?" என்று படிவத்தை நிரப்பினார். நிரப்பிவிட்டுத் தயங்கினார். "ஏம்மா, எங்க ஆபீஸ்ல எனக்கு நாற்காலி கிடையாது. ரிப்போர்ட் எல்லாம் பைக் சீட்டுல வெச்சுத்தான் எழுதறேன். செவ்வாய், வியாழன் இங்க வந்து எழுதிக்கட்டுமா?"

அப்படித்தான் மாட்டு டாக்டரும் அங்கே ஓர் ஆள் ஆனார். அவர் அனுப்பிய அறிக்கை நேர்மையானது: "பசு இல்லை. மின்விசிறி இரண்டு. இருப்போர் நல்ல உடல்நிலையில் உள்ளனர்." அந்த நேர்மைதான் வினையானது. பசு இல்லாத இடத்தைப் பசுவின் பெயரால் அழைத்தது தவறான தகவல் அளித்த குற்றம் என்று வாரியம் எழுதியது. அக்கா அதற்கு விளக்கம் எழுதி, அது எந்த ஜன்னலில் கொடுக்கப்பட வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருக்கையில் அறுபதாம் நாள் வந்துவிட்டது.

பூட்ட வந்தவர்கள் மதியம் வந்தார்கள். எல்லாரும் சாப்பிடக் கீழே இறங்கியிருந்த நேரம். ஐந்து நிமிஷத்தில் கதவைச் சாத்தி, அரக்கு வைத்து, காகிதம் ஒட்டிவிட்டார்கள். காகிதத்தில் பூட்டப்பட்ட இடத்தின் பெயர் எழுத ஒரு கோடு இருந்தது. எழுதக்கூடிய பெயர் இன்னும் இல்லாததால் அதைக் காலியாக விட்டிருந்தார்கள்.

மௌனி படி ஏறி வந்து பார்த்தான். அவன் கம்ப்யூட்டர் உள்ளே. அறுநூறு பக்கக் கையேடு ஒன்று, ஏதோ பெரிய பாய்லர் சமாசாரம், நானூற்றுப் பதினைந்தாவது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. பத்து நாளில் கொடுக்க வேண்டியது.

"சார், கம்ப்யூட்டர மட்டும் எடுத்துக்கட்டும் சார்" என்று அக்கா கெஞ்சினாள்.

"எங்கிருந்து எடுக்கறாருன்னு எழுதணும்மா" என்றார் பூட்ட வந்த அதிகாரி, வருத்தமாகவே. "எழுத்து இன்னும் முடிவாகலையே."

இருபத்தாறு நாள் போயும் பூட்டு தொங்கியது. இன்சூரன்ஸ்காரர் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து கத்தினார், காவலாளி துரத்தினார். ஃபோன் பெண் மாமியாரின் கத்தலுக்கு நடுவே ஒரு நோயாளிக்குத் தவறான தேதி குறித்துக் கொடுத்து எச்சரிக்கை வாங்கினாள். டாக்டர் பைக் சீட்டுக்குத் திரும்பினார். மௌனி முதல் பக்கத்திலிருந்து கையால் நோட்டில் எழுத ஆரம்பித்தான், பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து. பத்தாம் நாள் கையேடு வேறொருவருக்குப் போனது. அதற்கப்புறம் அந்தக் கம்பெனி அவனைக் கூப்பிடவே இல்லை. ஊருக்கு வெளியே ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று இன்சூரன்ஸ்காரர் வந்து சொன்னார். சொல்லும்போது அவர் குரல் முதல் தடவையாக மெதுவாக இருந்தது.

அன்று இரவு அக்கா சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரி கேன்டீனில் சமையல் வேலை பார்க்கும் அவள் கணவர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "விட்டுத் தொலை. அந்த ரூம்ல டயர் அடுக்கி வெப்போம்" என்றார்.

"டயரா? டயருக்கு அவங்க கிட்ட எழுத்து இருக்கா?" என்று அக்கா சீறினாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

இருபத்தேழாம் நாள் பொருள் வரையறைக் குழு கூடியது. நாலாம் மாடி, நீளமான மேசை, பதினான்கு பேர். அக்காவை ஓரத்தில் உட்கார வைத்தார்கள்.

"இணைபணின்னு வெச்சுக்கலாம் தற்காலிகமா" என்று ஆரம்பித்தார் தலைவர். "அம்மா, அங்க எல்லாரும் ஒண்ணா வேலை செய்யறாங்களா?"

"ஆமா சார். ஆளாளுக்கு அவங்கவங்க வேலை."

"அப்போ ஒண்ணா இல்லையே?"

"ஒரே இடத்துல சார். ஃபேன், தண்ணி, ஜன்னல் எல்லாம் பொது."

"பஸ்ஸும் அப்படித்தானே?" என்றார் ஓர் உறுப்பினர். எல்லாரும் தலையாட்டினார்கள். பஸ்ஸில் நிற்பவர்களை வரையறை எப்படிக் கையாளும் என்று ஒருவர் கேட்க, அதற்கே முக்கால் மணி நேரம் போனது.

பிறகு தலைவர் தொண்டையைச் செருமினார். "நண்பர்களே, இந்தச் சொல் ஏன் நம்மைத் திணறடிக்கிறது? நான் யோசித்தேன். இந்தக் கட்டடத்தில் இருபது ஆண்டுகளாக ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். அடுத்த அறையில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பது நம்மில் எவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை. ஒருவர் ஓய்வு பெற்ற பிறகு அவர் இருந்தார் என்பதையே நாம் அறிந்த நிகழ்வுகள் உண்டு. இவ்வளவு கட்டுப்பாட்டோடு நாம் செய்துவருவதை யாரோ ஒரு மாடியில் நாலு மேசை போட்டுச் செய்துவிட முடியுமா? முடியும் என்றால் அதற்கு அளவுகோல் வேண்டும். இருப்போரிடையே எவ்விதத் தொடர்பும் இருக்கலாகாது! இதுவே வரையறையின் உயிர்." கைதட்டினார்கள். "இன்னொன்று. வரையறையில் 'வேலை' என்ற சொல் வருகிறது. அதை நீக்கிவிடலாம் என்பது என் யோசனை. அதை வரையறுக்கப் போனால் நமக்கே சிக்கல்."

அக்கா எழுந்துவிட்டாள். எழ வேண்டும் என்று நினைத்து எழவில்லை.

"சார், நான் கார் ஓட்டக் கத்துக்குடுக்கறவ. கிளட்ச்சுனா என்னன்னு பதினாலு பேர் உக்காந்து பேசிட்டு இருந்தா வண்டி நகராது. ஒரு பையன் பஸ் ஸ்டாப்புல உக்காந்து நோட்டுல எழுதினான் சார். அவன் பொழப்பு போச்சு. நீங்க கோவா, கோயாங்கறீங்க. ரெண்டுல எதையாவது எழுதுங்க. தப்பாவே எழுதுங்க. யாரும் செத்துட மாட்டாங்க!"

கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "கிளட்ச் என்பதற்கு என்ன எழுத்தும்மா?" என்றார்.

வரையறைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு நாளைக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். மூன்று பார்வையாளர்கள் நோட்டும் கையுமாகச் சுவரோரம் உட்கார்ந்தார்கள். யாரும் யாரிடமும் பேசக்கூடாது என்று அக்கா எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். பதினொன்றரை வரை ஊசி விழுந்தால் கேட்கும். பிறகு குழந்தை அழுதது. ஃபோன் பெண் ஒரு நோயாளியிடம் பேசிக்கொண்டிருந்தாள். இன்சூரன்ஸ்காரர் அனிச்சையாக எழுந்து போய்க் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டினார். டாக்டர் அதன் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "லேசா சூடு இருக்கு, ஈரத்துணி போடுங்க" என்றார். அக்கா துணியை நனைத்துக்கொண்டு ஓடினாள். பிற்பகலில் இன்சூரன்ஸ்காரரின் முகம் வாடியிருப்பதைப் பார்த்து ஃபோன் பெண், "அண்ணா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டாள். மூன்று பேனாக்களும் ஒரே நேரத்தில் நகர்ந்தன.

மாலையில் கதவை மறுபடி பூட்டினார்கள். ஆணை எட்டாம் நாள் வந்தது. அக்கா படியில் நின்றுகொண்டே உரக்கப் படித்தாள்.

"மேற்படி இடத்தில் இருப்போரிடையே பசி, காய்ச்சல், மனநிலை ஆகியவை குறித்த விசாரிப்புகள் நேரில் காணப்பட்டன. ஒருவரின் குழந்தையை மற்றொருவர் உரிமையோடு தூக்கினார். எனவே இது இணைபணி நிலையம் அன்று. சூழ்நிலைச் சான்றுகளின்படி இது குடும்பம். விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்படுகிறது."

அக்கா காகிதத்தைக் கிழிக்கப் போனாள். டாக்டர்தான் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"இருங்கம்மா. கவர்மென்ட் ரிப்போர்ட் எல்லாம் எழுதறவன் நான். குடும்பம்னா வீடு. வீட்டுக்கு எதுக்குப் பலகை? வீட்டைப் பூட்ட இவங்களுக்கு அதிகாரமே கிடையாது."

சரிதான். எழுத்தரிடம் கேட்டபோது அவரும் ஒப்புக்கொண்டு, பூட்டைத் திறக்க ஆள் அனுப்பினார். ஒரே ஒரு வேலை பாக்கி, வட்ட அலுவலகத்தில் குடும்ப உறுப்பினர் பட்டியல் கொடுக்க வேண்டும். மேசையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

"என்னப் பெரியண்ணன்னு போடுங்க" என்றார் இன்சூரன்ஸ்காரர்.

"உங்களுக்கும் எனக்கும் ஒரே வயசு. சின்னண்ணன்" என்றாள் அக்கா. டாக்டர் சித்தப்பா ஆனார். ஃபோன் பெண் தங்கை, குழந்தை தங்கை மகன். அக்காவின் கணவரை என்ன போடுவது என்று கேட்டதும் அவர், "நான் நிஜமாவே புருஷன்தான், என்னையும் மாத்திடாதீங்க" என்றார். கடைசி வரியில் அக்கா யாரையும் கேட்காமல் மௌனியின் பெயரை எழுதினாள். உறவு: தம்பி. இப்போது இருக்குமிடம்: வேலைக்குப் போயிருக்கிறான்.

வட்ட அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி பட்டியலை ஒரு தடவை மேலோட்டமாகப் பார்த்து, டொக்கென்று முத்திரை குத்திக் கொடுத்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அக்காவுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இதே ஒரு நிமிஷம் அன்றைக்குக் கிடைத்திருந்தால்!

அப்படியே காரை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனாள். மதிய இடைவேளை. மௌனி சாம்பல் நிறச் சட்டையில் வாசலுக்கு வந்தான். நெஞ்சில் பெயருக்குப் பதிலாக ஓர் எண். உள்ளங்கைகள் தடித்திருந்தன.

"ரூம் திறந்தாச்சுடா. உன் மேசை அப்படியே இருக்கு."

அவன் தரையைப் பார்த்தான். "ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்க்கா."

அக்கா பையிலிருந்து குடும்பப் பட்டியலை எடுத்தாள். காகிதத்தை நீட்டினாள். அவன் மெல்ல, ஒவ்வொரு வரியாக, பிழை திருத்துகிறவன் மாதிரி படித்தான். தன் வரியில் கொஞ்சம் நின்றான்.

"அந்த வார்த்தைய எப்படி எழுதணும்னு முடிவு பண்ணிட்டாங்களா?" என்று கேட்டான்.

"துணைக்குழு போட்டிருக்காங்க."

மௌனி சிரித்தான். சத்தமாகச் சிரித்தான். காவலாளி திரும்பிப் பார்த்தார். உள்ளே மணி அடித்தது, யாரோ அவன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். காகிதத்தை நாலாக மடித்து அவளிடமே கொடுத்துவிட்டு இரண்டடி நடந்தவன் திரும்பினான்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவுக்கா. வரட்டுமா?"

"வீட்டுக்கு வர்றதுக்கு எவனாவது அனுமதி கேப்பானா?" என்று அக்கா கத்தினாள். கத்திய குரலில் பாதிக் கோபம் இன்னும் வாரியத்தின் மேல்தான் இருந்தது. அதை அவனிடம் சொல்லலாம் என்றால் அவன் அங்கே இல்லை, இரும்புக் கதவு சாத்திக்கொண்டுவிட்டது.